பழைய வீட்டின் கைப்பிடிச் சுவர்

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில், வழிதவறிய மாட்டை உரியவரிடம் சேர்ப்பது, குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையைப் பிடியாதிருப்பது போன்ற சிறு சிறு கட்டளைகளுக்கு நடுவே, கட்டடம் எழுப்புவோருக்குரிய கட்டளை ஒன்றும் இடம்பெற்றுள்ளது. புதிய வீடு கட்டுகிறவர் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் அங்கிருந்து விழுந்தால் அவ்வீட்டின்மேல் இரத்தப்பழி வந்துவிடலாகாது என்பது அதன் கருத்து. அந்நாட்டு வீடுகளின் தட்டையான மேல்தளம் மக்கள் அன்றாடம் புழங்கிய இடம். எரிகோ நகரத்து இராகாபு சணல் தட்டைகளைப் பரப்பி வைத்திருந்ததும், யோப்பா நகரில் பேதுரு இறைவேண்டல் செய்ய ஏறிச் சென்றதும் அத்தகைய மேல்தளத்துக்கே. அங்கே ஏறுகிறவர் விழக்கூடும் என்பதை, வீடு கட்டுகிறவர் முன்னதாகவே எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர். விழுந்தவர் கவனமாக நடந்தாரா என்று அக்கட்டளை விசாரிக்கவில்லை. பொறுப்பைக் கட்டியவர் தோள்மேல் வைத்துவிட்டு அடுத்த கட்டளைக்குச் சென்றுவிடுகிறது.

மறையுரைகளில் இப்பகுதியை எடுத்தாள்வோர் அரிது. ஆயினும் இன்று பொறியியலார் ‘உயிர்ப் பாதுகாப்பு’ என்று அழைக்கும் துறை முழுவதற்கும் வித்து இதில் அடங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஒரு சொல் மட்டும் உறுத்துகிறது. கட்டளை ‘புதிய’ வீட்டைப் பற்றிப் பேசுகிறது. அப்படியானால் பழைய வீட்டுக்கு? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, தீ எழுதிச் சென்ற வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டுவோம்.

தீயிலிருந்து கட்டடத்தைக் காக்கும் கலை, தொடக்கத்தில் சரக்கைக் காப்பதற்காகவே வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பஞ்சாலைகள் பெருகின. எண்ணெய் ஊறிய மரத்தளம், காற்றில் மிதக்கும் பஞ்சுத்தூசி, எரியும் விளக்கு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால் ஆலைகள் அடிக்கடி எரிந்தன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. ஆலை முதலாளிகள் தாங்களே கூடிக் காப்பீட்டுச் சங்கம் அமைத்து, தீயைத் தடுக்கும் வழிகளைத் தேடினர். 1874-ஆம் ஆண்டு நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை நடத்திவந்த ஹென்றி பார்மலி என்பவர், தம் தொழிற்சாலையைக் காக்கும்பொருட்டுத் தானாக இயங்கும் நீர்த்தெளிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பிரெடரிக் கிரின்னல் அதைச் செம்மைப்படுத்தினார். இன்று பெருங்கடைகளின் உட்கூரையில் நாம் காணும் ‘ஸ்பிரிங்க்ளர்’ அதன் வழித்தோன்றல். குறைந்த வெப்பத்தில் உருகும் ஈயக் கலவை ஒன்று அதன் வாயை அடைத்திருக்கும். தீயின் சூட்டில் அக்கலவை உருகியதும் நீர் பீறிடும். எந்தத் தெளிப்பான் சூடேறியதோ அது மட்டுமே திறக்கும். திரைப்படங்களில் காட்டுவதுபோல் எல்லாம் ஒருசேரப் பொழிவதில்லை.

1896-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தோன்றியதும் இத்தெளிப்பான்களுக்குரிய குழாய்களின் அளவை ஒழுங்குபடுத்தவே. அதைத் தொடங்கி வைத்தவர்கள் பெரும்பாலும் காப்பீட்டுத் துறையினர். அவர்கள் தீயவர்கள் அல்லர். ஆனால் அவர்களின் கணக்கேட்டில் பஞ்சு மூட்டைக்கு விலை இருந்தது, தறியருகே நின்ற பெண்ணுக்கு இல்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதை இரு பெருந்தீக்கள் காட்டின. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று சிகாகோ நகரின் இராக்குவா நாடக அரங்கில் 602 பேர் மாண்டனர். ‘தீப்பற்றாத அரங்கு’ என்று விளம்பரம் செய்யப்பட்ட புத்தம்புது மாளிகை அது. கதவுகள் சில பூட்டப்பட்டிருந்தன. சில திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. சிலவற்றின் தாழைத் திறக்கும் விதம் எவருக்கும் புரியவில்லை. அன்றைய காட்சிக்குச் சீட்டு வாங்கியிருந்தும், அலுவல் காரணமாகச் செல்ல இயலாமற்போன கார்ல் பிரின்ஸ்லர் எனும் இரும்புப்பொருள் வணிகர், கைபட்டு அழுத்தினாலே திறந்துகொள்ளும் குறுக்குச் சட்டத்தைக் கதவுக்கு அமைக்கும் முயற்சியில் இறங்கினார். 1908 முதல் அது விற்பனைக்கு வந்தது.

அடுத்தது 1911-ஆம் ஆண்டு மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். நியூயார்க் நகரின் பத்துமாடிக் கட்டடம் ஒன்றில் மேல் மூன்று தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் இளம்பெண்கள் அங்குப் பணியாற்றினர். ஒன்பதாம் தளத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் தளம் வரையே எட்டியது. 146 பேர் இறந்தனர். ஆனால் கட்டடம்? அது தீத்தாங்கும் கட்டடம் என்று பெயர் பெற்றது, அப்பெயருக்கேற்ப நின்றது. இன்றும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாகப் பயன்பட்டு வருகிறது.

கட்டடத்தைக் காப்பது ஒன்று, அதனுள் இருப்போரைக் காப்பது வேறொன்று என்பது அன்றுதான் கட்டடக் கலைஞரின் பாடத்தில் ஏறியது எனலாம். 1913-இல் தீப்பாதுகாப்புச் சங்கம் உயிர்க்காப்புக்கெனத் தனிக்குழு அமைத்தது. அக்குழுவின் உழைப்பால் 1927-இல் கட்டட வெளியேறு வழிகளுக்கான விதித்தொகுப்பு வெளிவந்தது. வெளியேற இரண்டு வழிகளேனும் வேண்டும். அவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்க வேண்டும். கதவு மக்கள் ஓடும் திசையிலே திறக்க வேண்டும். படிக்கட்டைச் சுவரால் அடைத்துக் கதவிட வேண்டும். இவையே அதன் சாரம்.

கதவு திறக்கும் திசை சிறு செய்தியெனத் தோன்றலாம். சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவில் 1863-ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று, அமல உற்பவப் பெருவிழா மாலையில், இயேசு சபையார் எழுப்பிய ஆலயம் ஒன்று எரிந்தது. ஆயிரக்கணக்கான விளக்குகளும், பூக்களும், துணித் தோரணங்களும் நிறைந்திருந்தன. உட்புறம் திறக்கும் கதவுகளின்மேல் கூட்டம் மோதியதால் அவற்றைத் திறக்க இயலவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், உயிரிழந்தனர். இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் 1883-இல் தீயே இல்லாமல் 183 குழந்தைகள் நசுங்கி இறந்தனர். மேலிருந்து பரிசுப்பொருள் வாங்க ஓடிவந்த குழந்தைகளின் எதிரே, படிக்கட்டின் அடியிலிருந்த கதவு ஒருவர் மட்டும் நுழையுமளவு திறந்து தாழிடப்பட்டிருந்தது. ஒகையோ மாநிலத்துக் காலின்வுட் ஊர்ப்பள்ளியில் 1908-ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனன்று 172 குழந்தைகள் மாண்டனர். அங்கே கதவு உட்புறம் திறந்தமையே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. விசாரணையிலோ, கதவு வெளிப்புறமே திறந்தது என்றும், அதற்கு முன்னிருந்த இடைவழி ஒடுங்கியிருந்தது என்றும் தெரியவந்தது. கதவு சரியாக இருந்தும் அதை அடையும் வழி சரியில்லையெனில் பயனில்லை.

இவ்வளவும் 1958-க்கு முன்பே அறியப்பட்டவை. அவ்வாண்டு நடந்ததை நாம் சற்று விரிவாகக் காண்போம். அது நம்முடையது போன்ற ஒரு பங்குப் பள்ளியில் நிகழ்ந்தது.

சிகாகோ நகரின் மேற்குப் பகுதியில் இத்தாலிய வழிவந்த தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த பங்கு, வானதூதர்களின் அன்னை பங்கு. கோவில், குருக்கள் இல்லம், கன்னியர் இல்லம், பள்ளி எல்லாம் அருகருகே அமைந்தவை. மரியன்னையின் பிறரன்புச் சகோதரிகள் நடத்திய அப்பள்ளியில் சுமார் 1,600 பிள்ளைகள் பயின்றனர். வகுப்பொன்றில் ஐம்பது, அறுபது பேர் நெருங்கி அமர்ந்திருந்தார்கள். கேட்டுவரும் எந்தப் பிள்ளைக்கும் இடமில்லை என்று சொல்ல மனம் வராத பங்குப் பள்ளிகளின் நிலை எங்கும் ஒன்றுதான்.

பள்ளியின் வடக்குப் பகுதி 1910-இல் கட்டப்பட்டது. வெளிச்சுவர் செங்கல், உள்ளே படிக்கட்டு, தளம், கதவு, கூரை அனைத்தும் மரம். ஆண்டுதோறும் மெழுகு பூசிப் பூசித் தளம் பளபளத்தது. அடித்தளம் பாதி தரைக்கு மேலே எழும்பியிருந்ததால், இரண்டாம் தளத்துச் சன்னல்கள் தரையிலிருந்து 25 அடி உயரத்தில் இருந்தன. சன்னலின் அடிவிளிம்போ அறைக்குள் மூன்றடிக்குச் சற்று மேலே. சிறு பிள்ளை ஏறிக் கடப்பது கடினம்.

டிசம்பர் முதல் நாள், திங்கட்கிழமை. திருவருகைக் காலம் தொடங்கி ஒரு நாளே ஆகியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளி விடும். இரண்டு மணிக்குப் பின் எப்போதோ, வடகிழக்குப் படிக்கட்டின் அடியில், அடித்தளத்தில் வைத்திருந்த அட்டைக் குப்பைப் பீப்பாயில் தீப்பற்றியது. அதை மூட்டியது யார், அல்லது எது என்பது அதிகாரபூர்வமாக இன்றளவும் முடிவு செய்யப்படவில்லை. சிறிது நேரம் அது எவர் கண்ணிலும் படாமல் கனன்றது. பின்னர் வெப்பத்தால் அடித்தளச் சன்னல் கண்ணாடி உடைய, புதுக்காற்று உள்ளே புகுந்தது. அக்கணமே படிக்கட்டு புகைபோக்கியாக மாறிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். முதல் தளத்தில் படிக்கட்டையும் நடைவழியையும் பிரிக்கும் கனமான கதவு ஒன்று இருந்தது, அது மூடியிருந்தது. ஆகவே தீ அத்தளத்தை விட்டுவிட்டு மேலே சென்றது. இரண்டாம் தளத்தில் அத்தகைய கதவு இல்லை. கரும்புகையும் சூடான வாயுவும் நடைவழி நெடுகப் பரவின. வகுப்புக் கதவுகளுக்கு மேலிருந்த கண்ணாடிகள் வெடித்தன. சுவருக்குள் குழாய் செல்லும் இடைவெளி வழியாகத் தீ கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலான வெற்றிடத்தையும் அடைந்தது. வடக்குப் பகுதியின் இரண்டாம் தளத்தில் அப்போது இருந்த பிள்ளைகள் 329 பேர். ஒரே கட்டடம், ஒரே தீ. கதவு இருந்த தளத்தினர் இறங்கிச் சென்றனர், கதவில்லாத தளத்தினர் அடைபட்டனர்.

அபாய மணியை அடிக்கத் தலைமைச் சகோதரியின் அனுமதி வேண்டும் என்பது பள்ளியின் வழக்கம். புகை மணத்தை உணர்ந்த ஆசிரியை ஒருவர் அவரைத் தேடிச் சென்றார். அவரோ வராத ஆசிரியைக்குப் பதிலாக வேறொரு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தேடியும் காணாத ஆசிரியை, அடுத்த வகுப்பாசிரியையோடு கலந்து, அனுமதியின்றியே தம் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். அவர் மணியை இழுத்தபோது முதலில் அது ஒலிக்கவுமில்லை. ஒலித்தபோதும் அது பள்ளிக்குள் மட்டும் கேட்கும் மணி. தீயணைப்பு நிலையத்தோடு அதற்குத் தொடர்பில்லை. தொலைபேசி வழியே நிலையத்துக்குச் செய்தி எட்டியபோது மணி 2.42. அழைப்பு குருக்கள் இல்லத்திலிருந்து சென்றதால் முதல் வண்டி அம்முகவரிக்கே வந்து, பிறகு பள்ளியைச் சுற்றி வரவேண்டியதாயிற்று. உள்முற்றத்துக்குச் செல்லும் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அதை உடைக்கும் வரை ஏணிகள் காத்திருந்தன. வடக்குப் பகுதியில் தீயணைப்பான்கள் நான்கு இருந்தன. அவை தரையிலிருந்து ஏழடி உயரத்தில் மாட்டப்பட்டிருந்தன.

அறைக்குள் நடந்தவற்றை எழுதக் கை தயங்குகிறது. ஓர் அறையில் அருட்சகோதரி, கதவிடுக்குகளைப் புத்தகங்களால் அடைக்கச் சொல்லிப் பிள்ளைகளைச் சன்னலருகே கூட்டினார். கிடைத்த அந்தச் சில நிமிடங்களால் அவ்வகுப்பில் பெரும்பாலோர் பிழைத்தனர். மற்றோர் அறையிலிருந்து வெளிப்புற இரும்புப் படிக்குச் செல்லும் கதவு பூட்டியிருந்தது. பள்ளிக் காவலர் சாவியோடு வந்து சேர்ந்ததால் அனைவரும் இறங்கினர். வேறு அறைகளில் பிள்ளைகள் தங்கள் சகோதரியைச் சுற்றி முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார்கள். கீழே நின்ற தந்தையர் எட்டாத ஏணிகளைச் சாத்தினர். குதித்தவர்களும் உண்டு. 92 பிள்ளைகளும் மூன்று அருட்சகோதரியரும் மாண்டனர். பேராயர் ஆல்பர்ட் மேயர் சிகாகோவில் பொறுப்பேற்று இரு வாரங்களே ஆகியிருந்தன. உரோமையில் திருத்தந்தை 23-ஆம் யோவானும் அப்போதுதான் ஒரு மாதத்துக்கு முன் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அவரிடமிருந்து ஆறுதல் செய்தி வந்தது.

இறைவன் ஏன் இதை அனுமதித்தார் என்று அன்று பலர் கேட்டிருப்பர். மேய்ப்புப் பணியில் இருப்போர் துயர வீடுகளில் இக்கேள்வியை எதிர்கொள்ளாமலிருக்க முடியாது. ஆயினும் இந்நிகழ்ச்சியில் அக்கேள்விக்கு முன்னதாக நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. அப்பள்ளி சில வாரங்களுக்கு முன்புதான், அக்டோபரில், தீப்பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது. நீர்த்தெளிப்பான் இல்லை, படிக்கட்டுக்கு அடைப்பு இல்லை, போதிய வெளியேறு வழி இல்லை. எனினும் சட்டப்படி குறை இல்லை. எப்படி? சிகாகோ நகரம் 1949-இல் பள்ளிகளுக்கு நல்ல கட்டட விதிகளை இயற்றியிருந்தது. அவை அதற்குப்பின் கட்டப்படும் பள்ளிகளுக்கு மட்டுமே உரியவை. 1910-இல் எழுந்த சுவர்கள் பழைய விதியின் நிழலில் நிம்மதியாக இருந்தன.

இவ்விலக்கு தீய எண்ணத்தால் வந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பள்ளியைப் பெயர்த்துப் படிக்கட்டு மாற்றுவது பெருஞ்செலவு. காசு காசாகச் சேர்த்துக் கட்டிய பங்கு மக்களிடம் மீண்டும் கையேந்த வேண்டும். நேற்றுவரை சட்டத்துக்கு உட்பட்டிருந்த கட்டடத்தை இன்று குற்றமுடையது என்பது நீதியா எனும் வாதமும் நியாயமானதே. உரோமைச் சட்ட மரபில் பயின்ற நமக்கு, சட்டம் பின்னோக்கிப் பாயலாகாது என்பது பழகிய கோட்பாடு. ஆனால் தீக்கு அக்கோட்பாடு தெரியாது. கட்டடம் எந்த ஆண்டு எழுந்ததென்று அது பார்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு: பழைய கட்டடத்தில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகள். வசதியுள்ளோர் புதுக் கட்டடத்துக்குச் சென்றுவிடுகின்றனர். புதியதற்கு மட்டும் உரிய சட்டம், தன்னை அறியாமலே ஆள்பார்த்துப் பாதுகாக்கும் சட்டமாகிவிடுகிறது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது திரும்பலாம். இணைச்சட்ட நூலுக்கு யூத மறைநூல் அறிஞர் தொகுத்த ‘சிஃப்ரே’ எனும் பழைமையான விளக்கவுரை, சரியாக இதே இடத்தில் நின்று கேட்கிறது: கட்டளை கட்டுகிறவனைப் பற்றித்தானே பேசுகிறது, வீட்டை விலைக்கு வாங்கியவன், மரபுரிமையாகப் பெற்றவன், கொடையாகப் பெற்றவன் என்ன செய்வது? அவர்களும் கைப்பிடிச் சுவர் எழுப்பக் கடமைப்பட்டவர்களே என்று அது விடை கூறுகிறது. வீட்டில் இரத்தப்பழி கூடாது எனும் பிற்பகுதி, ‘புதிய’ எனும் சொல்லை விரித்து, எல்லா வீட்டையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. நாத்தான் எனும் ரபி இதே கட்டளையைக் கொண்டு, கடிக்கும் நாயையும் ஆட்டங்கண்ட ஏணியையும் வீட்டில் வைத்திருக்கலாகாது என்று கற்பித்தார். 12-ஆம் நூற்றாண்டின் மைமோனிடஸ் மூடியில்லாக் கிணற்றையும் இதில் சேர்த்தார். சிகாகோ நகர மன்றத்தினர் 1949-இல் தவறவிட்டதை இவ்வறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். கொடையாகவும் மரபாகவும் கட்டடங்களைப் பெற்று ஆள்வதே பங்குகளின் வழக்கம் என்பதால், அந்த விளக்கவுரை நம்மை நேரே பார்த்துப் பேசுவதுபோல் இருக்கிறது.

விபத்துக்குப்பின் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் பொது மேலாளர் பெர்சி பக்பீ, இத்தீயிலிருந்து கற்பதற்குப் புதிதாக எதுவும் இல்லை, பழைய பாடங்கள் கேட்பாரற்றுப் போனதே துயரம் என்று வருந்தினார். ஆயினும் அடுத்த ஆண்டில் ஒன்று கற்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இடிக்கவிருந்த பள்ளியொன்றில் தீயணைப்புத் துறையினர் மீண்டும் மீண்டும் தீ மூட்டிச் சோதித்தனர். திறந்த படிக்கட்டுள்ள கட்டடத்தில், வெப்பம் தாங்கமுடியாததாக ஆகுமுன்பே புகை வழியை மறைத்துவிடுகிறது என்பது அளந்து உறுதிசெய்யப்பட்டது. மக்களைக் கொல்வது பெரும்பாலும் சுவாலையன்று, புகை. எனவே படிக்கட்டை அடைத்துத் தானே மூடிக்கொள்ளும் கதவிடுவதும், தீ சிறிதாயிருக்கும்போதே அதைப் பிடிக்கும் நீர்த்தெளிப்பானும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகமாட்டா, இரண்டும் வேண்டும்.

இம்முறை சட்டம் பழைய வீட்டுக்குள்ளும் நுழைந்தது. சிகாகோ நகரம் பழைய பள்ளிகளையும் உட்படுத்தித் தன் விதியைத் திருத்தியது. ஓராண்டுக்குள் அமெரிக்காவெங்கும் சுமார் 16,500 பழைய பள்ளிக் கட்டடங்களில் மாற்றங்கள் செய்யப்பட்டன என்பர். 1966-இல் அந்த 1927-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு ‘உயிர்ப் பாதுகாப்பு’ எனும் சொல்லைத் தன் பெயரிலேயே ஏற்றது. 1960-இல் வானதூதர்களின் அன்னை பங்கில் நீர்த்தெளிப்பான்களோடு புதிய பள்ளி திறக்கப்பட்டது. பழைய பள்ளிக்கு இல்லாதவை எல்லாம் அதற்கு இருந்தன.

இவற்றை அயல்நாட்டுச் செய்தியாக வாசித்துவிட்டு மூடிவைக்க நமக்கு இயலவில்லை. நம் நாட்டிலும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இலேயே வெளிவந்தது, 1983-இல் திருத்தப்பட்டது, தீப்பாதுகாப்புக்கென அதில் தனிப்பகுதியே உண்டு. ஆனால் 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் தோன்றிய தீ, மேல்தளத்து வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியபோது, அந்நூல் அலுவலக அலமாரிகளில் இருந்தது. இறங்குவதற்கு ஒடுங்கிய ஒரே படிக்கட்டுதான் இருந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 94 பேர் கருகினர். சிகாகோவில் 92, இங்கே 94.

அதையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்ப்பளித்தது. அங்கீகாரம் வழங்குமுன் கட்டடம் தேசிய விதித்தொகுப்புக்கு ஏற்ப உள்ளதா என்று பார்க்க வேண்டும்; ஏற்கெனவே இயங்கும் பள்ளிகள் ஆறு மாதத்துக்குள் தீயணைப்புக் கருவிகளை நிறுவ வேண்டும்; ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும் என்பன அதன் முதன்மையான கட்டளைகள். பழைய பள்ளியும் இதில் தப்பவில்லை, அது நல்லதே. ஆயினும் ஆறு மாதத்தில் மாட்டக்கூடியது சிவப்பு உருளைதான். படிக்கட்டை ஆறு மாதத்தில் மாட்ட முடியாது. எனவே பல இடங்களில் உருளை வந்தது, படிக்கட்டு அப்படியே நின்றது.

நம் மறைமாவட்டப் பள்ளிகளில் நூற்றாண்டு கண்டவை பல. மறைபரப்பாளர் காலத்துப் பர்மாத் தேக்குப் படிக்கட்டைக் காட்டி நாம் பெருமைப்படுவதுண்டு. விடுமுறைதோறும் எண்ணெய் பூசி அதைப் பளபளக்க வைப்பதுமுண்டு. அப்படிக்கட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரியும்: உடைந்த பெஞ்சுகள், கட்டுக்கட்டாகப் பழைய விடைத்தாள்கள், சென்ற ஆண்டுக் கிறிஸ்து பிறப்புக் குடிலின் வைக்கோலும் காகிதமும். மேலே படியின் வாயிலில் இரும்புக் கம்பிக் கதவு. பிள்ளைகள் நேரத்துக்கு முன் ஓடிவிடாதிருக்க அது பூட்டப்படுகிறது. சாவி காவலரின் இடுப்பில், காவலர் தேநீர்க் கடையில். ஒழுங்கு வேண்டும் என்பதில் நமக்கும் மறுப்பில்லை. அதைப் பூட்டில் வைப்பதா ஆளிடம் வைப்பதா என்பதே வினா. வாயிலில் ஆள் நிற்பாராயின் பூட்டு வேண்டியதில்லை.

படிக்கட்டின் அடியைக் காலி செய்வதற்குச் செலவில்லை. ஒவ்வொரு தளத்திலும் படியின் முகப்பில், திருகுவில்லால் தானே மூடிக்கொள்ளும் கனத்த கதவொன்றை அமைப்பதற்கு ஆகும் செலவு, பங்குத் திருவிழாவின் சீரியல் விளக்குச் செலவைவிடப் பெரிதாயிராது என்றே கருதுகிறோம். கதவை அமைத்தபின், காற்றோட்டத்துக்கென்று அதைக் கல் வைத்துத் திறந்தே வைக்கும் வழக்கத்தைத் தடுப்பதுதான் கடினம். மணியை யார் கண்டாலும் அடிக்கலாம் என்று கடைசிப் பெஞ்சு மாணவனுக்கும் சொல்லிவைக்க ஒரு காலைக் கூட்டம் போதும்.

இரண்டாவது படிக்கட்டே உண்மையான சிக்கல். கோவிலோடும் கன்னியர் மடத்தோடும் சுவர் ஒட்டி நிற்கும் பள்ளிகளில் அதற்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. சில ஆண்டுகளேனும் திட்டமிட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும். அதுவரை ஒன்று செய்யலாம். பல பள்ளிகளில் அலுவலகமும், விருந்தினர் அறையும், கணினிக் கூடமும் தரைத்தளத்தில் உள்ளன; ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் மாடியில் உள்ளன. வருகிற ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன் அவற்றை இடம் மாற்றிவிட முடியும்.